எண்ணும் அலகும்

“விடை சரியாயிருக்க, அலகு எழுதாததற்கு ஏன் மதிப்பெண் குறைக்கின்றனர்?” எனச் சிறுவர் கேட்பதுண்டு. பெற்றோர் அவர்களுக்கு எடுத்துரைக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு.

1983 ஜூலை 23. கனடாவில் மாண்ட்ரியாலிலிருந்து எட்மண்டன் செல்லவிருந்த விமானத்திற்குத் தேவைப்பட்ட எரிபொருள் 22,300 கிலோகிராம். தொட்டிகளில் இருந்தது 7,682 லிட்டர். அதை எடையாக மாற்ற 1.77ஆல் பெருக்கினர். அதுவோ ஒரு லிட்டரின் எடையைப் பவுண்டில் கூறும் எண். கிலோகிராமில் அது 0.803 மட்டுமே. விளைவு, 13,597 கிலோகிராம் இருப்பதாகக் கருதி, 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினர். நிரப்ப வேண்டியிருந்ததோ 20,000 லிட்டருக்கும் மேல்!

நடுவானில் இரு எஞ்சின்களும் நின்றன. மிதவை விமானம் ஓட்டிப் பழகிய விமானி பாப் பியர்சன், கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத் தளத்தில் அதனை இறக்கினார். 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

பெருக்கலில் பிழையில்லை, பிழை அலகிலேதான். ஆதலால் கணக்கின் ஒவ்வொரு படியிலும் அலகை எழுதப் பிள்ளைகளைப் பழக்குங்கள்:

7,682 லிட்டர் × லிட்டருக்கு 1.77 பவுண்டு = 13,597 பவுண்டு.

இவ்வாறு எழுதியபின், கிலோகிராமிலிருந்து பவுண்டைக் கழிக்க எவர் கையும் தயங்குமன்றோ?