புகையூட்டிச் சமைப்பதற்கான விறகு (கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலைப் பகுதி)

புகையூட்டிச் சமைத்தல் என்பது இறைச்சி, மீன் முதலியவற்றை மூடிய அடுப்பில் குறைந்த வெப்பத்தில் நீண்ட நேரம் வைத்து, விறகுப் புகையின் மணமும் நிறமும் ஏறும்படி வேகவைக்கும் முறையாகும். அமெரிக்காவில் பார்பிக்யூ எனப்படும் இம்முறைக்கு ஓக் மர விறகு பெயர் பெற்றது. டெக்சாசு மாநிலத்தின் நடுப்பகுதியில் போஸ்ட் ஓக் என்னும் வகை பெரிதும் பயன்படுகிறது. சமையல் காணொளிகள் வழியாக இம்முறை தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்துள்ளதால், ஓக் விறகு எங்கே கிடைக்கும், அதற்கு மாற்று எது என்னும் கேள்விகள் எழுகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதன் மேற்கே உள்ள கல்வராயன் மலையிலும் கிடைக்கும் விறகு வகைகளைக் கொண்டு இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

ஓக் மரமும் சில்வர் ஓக்கும்

ஓக் மரங்கள் குவெர்க்கசு என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. தமிழில் கருவாலி என்றும் குறிப்பிடப்படுகின்றன. இந்தியாவில் இவை இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இயற்கையாக வளர்கின்றன. தமிழ்நாட்டுக் காடுகளில் இயற்கையாக இல்லை. எனவே கள்ளக்குறிச்சி விறகுக் கடைகளில் ஓக் விறகை எதிர்பார்க்க முடியாது.

சேர்வராயன் மலை, கொல்லி மலை போன்ற இடங்களில் காப்பித் தோட்டங்களுக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் நடப்படும் சில்வர் ஓக் மரத்தைப் பலர் ஓக் என்றே கருதுகின்றனர். இது கிழக்கு ஆசுத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட கிரெவில்லியா ரொபசுட்டா என்னும் வேறொரு மரம், குடும்பமும் வேறு. இதன் இலை போன்ற பகுதிகள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பி இதை ஓக் விறகுக்கு ஈடாகக் கொள்ளக் கூடாது.

புகை மணம் உண்டாகும் விதம்

மரம் பெரும்பாலும் செல்லுலோசு, அரைச்செல்லுலோசு, லிக்னின் ஆகிய மூன்றால் ஆனது. காற்று குறைவாகக் கிடைக்கும் நிலையில் மரம் கருகும்போது லிக்னின் சிதைந்து குவயாக்கால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் உண்டாகின்றன. புகை மணமும் சுவையும் முதன்மையாக இவற்றால் வருபவை. செல்லுலோசு வகைகள் சிதைவதால் இனிய மணமும் பழுப்பு நிறமும் கிடைக்கின்றன.

பிசின் மிகுந்த ஊசியிலை மரங்களின் புகை கரிப்புச் சுவையும் கசப்பும் தரும். ஓக் விரும்பப்படுவது அது அடர்த்தியான, பிசினற்ற வன்மரம் என்பதாலும், நிலையான தணலைத் தருவதாலும்தான். இந்தப் பண்புகள் உள்ள உள்ளூர் மரம் எதுவும் அந்த வேலையைச் செய்யும்.

தமிழர் உணவில் புகை புதியதன்று. உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டத்தை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் பாதுகாக்கும் வழக்கம் சிற்றூர்களில் இருந்தது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்யும் மாசிக் கருவாடும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஏற்ற மரங்கள்

சீமைக்கருவேலம் (வேலிகாத்தான்): அமெரிக்கப் பார்பிக்யூவில் மெஸ்கிட் என்னும் விறகு ஓக்கைப் போலவே புகழ்பெற்றது. சீமைக்கருவேலம் அதன் நெருங்கிய உறவு மரமாகும். 1870களின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இது இன்று ஏரிகளிலும் தரிசு நிலங்களிலும் பரவி, அகற்ற வேண்டிய களையாகிவிட்டது. அடர்த்தியான விறகு, கடும் சூடும் நல்ல கரியும் தரும். புகை காரமானது என்பதால் சிறு துண்டுகளாகக் குறைவாக இட வேண்டும்.

புளி: கெட்டியான, கனமான மரம். தணல் நெடுநேரம் நிற்கும். நீண்ட நேரச் சமையலில் ஓக்கின் இடத்தை நிரப்ப ஏற்றது.

கருவேலம்: நாட்டு மரம். கரிக்கும் விறகுக்கும் பெயர் பெற்றது.

கொய்யா, பலா, மா: மென்மையான புகை தருபவை. கோழிக்கும் மீனுக்கும் பொருந்தும். தோட்டங்களில் கவாத்து செய்யும்போது கிளைகள் கிடைக்கும். மாமரப் பால் சிலருக்கு ஒவ்வாமை தருவதால், பட்டை உரித்து நன்கு காய்ந்த துண்டுகளையே பயன்படுத்த வேண்டும்.

சவுக்கு: கடலூர், விழுப்புரம் பகுதிகளில் பரவலாகப் பயிரிடப்படுகிறது. எளிதில் பற்றி நன்றாக எரியும். மணத்தைவிடச் சூட்டுக்கே பயன்படும்.

தவிர்க்க வேண்டியவை

அரளி, எருக்கு, கள்ளி ஆகியவை நச்சுத் தாவரங்கள். இவற்றை எரிப்பதும், அரளிக் குச்சியில் இறைச்சியைக் குத்திச் சுடுவதும் ஆபத்தானவை. வறண்ட இலையுதிர் காடுகளில் வளரும் சேங்கொட்டை மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும். புகையும் தீங்கு தரும். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலும் இதுபோன்ற எரிச்சலூட்டும் எண்ணெய் இருப்பதால் அதை எரிபொருளாக்கக் கூடாது. கொசு விரட்டப் புகைக்கும் வேம்பு உணவில் கசப்பேற்றும். தைல மரத்தின் எண்ணெய் வாடையும் உணவுக்கு ஒவ்வாது.

பழைய கதவு, சன்னல், ஒட்டுப்பலகை, வண்ணம் பூசிய மரம், தார் எண்ணெய் ஊட்டிய பழைய இரயில் கட்டைகள் ஆகியவற்றை எந்நிலையிலும் சமையலுக்கு எரிக்கக் கூடாது. சரக்குப் பெட்டி மரங்களில் 'எம்.பி.' என்னும் ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால், அவை மெத்தில் புரோமைடு வாயுவால் பூச்சிநீக்கம் செய்யப்பட்டவை.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. சிற்பக் கூடங்களில் மிஞ்சும் துண்டுகளை வாங்குவோர், மெருகெண்ணெயோ பசையோ படாத, இன்ன மரம் என்று தெரிந்த துண்டுகளை மட்டுமே எடுக்க வேண்டும்.

விறகு கிடைக்கும் இடங்களும் சட்டமும்

விறகுக் கடை, மர அறுவை மில், கவாத்து நடக்கும் தோட்டம், சீமைக்கருவேலம் அகற்றப்படும் பட்டா நிலம் ஆகியவை முறையான வழிகள். அறுவை மில்லில் பல மரங்களின் தூள் கலந்திருக்கும். ஆதலால் தூளைவிடக் கட்டையே நம்பத்தக்கது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கின்றனர். மலையில் உள்ள காப்புக்காடுகளில் அனுமதியின்றி மரம் வெட்டுவதும் எடுத்துச் செல்வதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் மக்களுக்குச் சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையை அளிக்கிறது. அந்த வரையறையில் வெட்டுமரம் இல்லை. வெளியாட்களுக்கு அந்த உரிமையும் இல்லை. சந்தன மரத்தைத் தன் பட்டா நிலத்தில் உள்ளதாயினும் அனுமதியின்றி வெட்ட முடியாது.

மலைப்பாதையோரம் மலிவாகக் கிடைக்கும் விறகை வாங்கினால், வாங்கியவர் மட்டுமன்றி விற்ற ஏழைக் குடும்பமும் வழக்கில் சிக்க நேரிடலாம். சமவெளியில் சீமைக்கருவேலமும் புளியும் கிடைக்கும்போது ஒரு வேளை உணவின் மணத்துக்காக மலைக்காட்டு மரத்தை நாட வேண்டிய தேவை இல்லை.

காய்ந்த விறகை அறிதல்

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராக இருக்கக்கூடும். புகையூட்டலுக்கு நீரின் அளவு 20 விழுக்காட்டுக்கு அருகில் இருப்பது நல்லது. ஈர விறகின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, கரிய கசப்புப் புகை உண்டாகும்.

* வெட்டு முகத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெடிப்புகள் இருக்கும்.
* இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்' என்று கணீரென ஒலிக்கும். ஈரக் கட்டை மந்தமாக ஒலிக்கும்.
* பட்டை எளிதில் உரியும். உள்ளே பூஞ்சணமோ புழுக்கமான வாடையோ இருக்காது.

விறகு எடைக்கு விற்கப்படுவதால் ஈரம் பணத்தையும் தின்னும். பாதி நீருள்ள 100 கிலோ விறகு 20 விழுக்காட்டு ஈரத்துக்குக் காயும்போது 62.5 கிலோவாகக் குறையும். வடகிழக்குப் பருவமழை முடிந்தபின், மாசி முதல் வைகாசி வரையிலான வெயில் காலத்தில் பிளந்த கட்டைகளை வாங்கி, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி வைத்தால் நன்கு காயும். பெரிய கட்டைகளுக்கு ஆறு மாதம் வரை ஆகலாம்.

வீட்டில் பயன்படுத்தும் முறை

சூட்டுக்குக் கரித் தணலும் மணத்துக்கு விறகும் என்று பிரித்துக்கொள்வது எளிது. அடுப்பின் ஒரு பக்கம் தணலையும் மறுபக்கம் இறைச்சியையும் வைத்து மூட வேண்டும். தணல் மேல் கைப்பிடி அளவுள்ள இரண்டு மூன்று விறகுத் துண்டுகள் போதும். உள்வெப்பம் 110 முதல் 130 பாகை செல்சியசு வரை இருக்கலாம். விறகை நீரில் ஊறவைப்பதால் பயனில்லை. முதலில் நீராவிதான் எழும். மெல்லிய நீலப் புகை நல்லது. அடர்ந்த வெண்புகை வந்தால் காற்றுத் துளையைத் திறக்க வேண்டும்.

கோழிக்கறி வெந்ததா என்பதை நிறத்தால் முடிவு செய்யக் கூடாது. புகையூட்டிய கறி வெந்த பின்பும் உள்ளே இளஞ்சிவப்பாகத் தோன்றலாம். தொடையின் தடித்த பகுதியில் எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகும்போது 74 பாகை செல்சியசு காட்ட வேண்டும்.

கரியும் விறகும் எரியும்போது மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு வெளிப்படும். ஆகவே வீட்டுக்குள்ளும் மூடிய கொட்டகையிலும் இவ்வடுப்பை வைக்கக் கூடாது. கொழுப்பு தணலில் சொட்டி எரியும்போது புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் உருவாகும். இறைச்சியைத் தணலுக்கு நேர் மேலே வைக்காமல் இருப்பதும், கருகிய பகுதியை நீக்குவதும், புகையூட்டிய உணவை எப்போதாவது மட்டும் உண்பதும் இத்தீங்கைக் குறைக்கும்.