உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்ளும் முட்டி

ஒரு முழு சினிமா பார்த்துவிட்டு எழுந்தால் முட்டி நீள மறுக்கிறது. கைப்பிடியை ஊன்றி எழுந்து, நாலைந்து அடி நொண்டிய பிறகுதான் வழிக்கு வருகிறது. இதற்கு நம் வீடுகளில் இரண்டு வைத்தியம் உண்டு. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுவது ஒன்று. "ரெஸ்ட் எடு" என்று மறுபடியும் உட்காரவைப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கிறது.

முழங்கால் எலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அது ஊட்டம் எடுத்துக்கொள்கிறது. காலை மடக்கி நீட்டும்போது உண்டாகும் அழுத்தமும் தளர்வும் அதற்கு உதவுகின்றன. மணிக்கணக்கில் ஒரே கோணத்தில் வைத்திருந்தால் மூட்டு இறுகிப்போகிறது. தொடையின் முன்தசையும் மெலிந்திருந்தால் எழும்போது பாரம் கூடுதலாக முட்டியில் இறங்குகிறது. "மூட்டுல எண்ணெய் வத்திப்போச்சு" என்று சொல்வார்கள். உண்மையில் தேய்மானம் கண்ட முட்டியில் நீர் கூடி வீங்குவதும் உண்டு.

டாக்டரிடம் போகும் முன் ஒன்றைக் கவனித்து வையுங்கள்: பிடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது? சில நிமிடங்களில், அதிகம் போனால் அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்திருந்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. தாமதித்தால் மூட்டு உருக்குலையும். இளவயதில் நெடுநேரம் உட்கார்ந்தாலும் மாடிப்படி இறங்கினாலும் முட்டிச்சில்லுக்குப் பின்னால் வலித்தால், அது பெரும்பாலும் சில்லைச் சுற்றிய கோளாறு; பயிற்சிக்கு நன்றாகக் கேட்கும்.

முட்டி திடீரென வீங்கிச் சிவந்து சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாட்களில் மூட்டையே அழித்துவிடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது. விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை, முட்டி பாதியில் சிக்கிக்கொள்கிறது என்றாலும் அப்படித்தான்.

இவை எதுவும் இல்லையென்றால் வைத்தியத்தின் பெரும்பகுதி உங்கள் கையில்தான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடங்கள். எழ முடியாத வேலை என்றால், நாற்காலியில் இருந்தபடியே ஒரு காலை நேராக நீட்டித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். காலுக்குப் பத்து முறை. எழும் முன் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னிழுத்து, முன்னால் குனிந்து எழுந்தால் முட்டிக்கு எளிது. தாழ்ந்த சோபாவை விட உயரமான மர நாற்காலி நல்லது. பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் அடங்காமல் இருந்தால் அளவைக் குறையுங்கள். உடல் பருமன் இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நடக்கையில் முட்டியின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. மாத்திரைக்கு முன்னால் வலிக்குத் தடவும் ஜெல்லைப் பாருங்கள். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் பழுதாகலாம்.

இன்னொரு ஆபத்து பேர் இல்லாத பொட்டலத்தில் வருகிறது. "மூணே நாள்ல ஓடுவீங்க" என்று விற்கப்படும் பொடியும் உருண்டையும் மெய்யாகவே மூன்று நாளில் வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது புதிதல்ல. முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு உள்ளுக்குள் மெலியும். நெடுநாள் சாப்பிட்டவர் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரைப் பாருங்கள். சித்த மருந்தைக் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. முறையான மருந்தின் லேபிளில் உரிம எண், தொகுதி எண், சேர்மானம் எல்லாம் இருக்கும். இல்லாததை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிவிக்கலாம். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் இழந்தவர்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வேலை செய்யும் இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. உட்கார்ந்து வரும் வலியைப் பேசும்போது உட்காரும் உரிமை எதற்கு என்று தோன்றலாம். முட்டிக்கு வேண்டியது நிலை மாறுவது. நாள் முழுக்க நிற்பதும் அதே வம்புதான். ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள் போன்றோருக்கு உட்காரும் உரிமையைக் கேரளம் 2018-இல் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை கட்டாயம் என்றது. ஸ்டூலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முறைக்கும் முதலாளியைப் பற்றியும் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். தரையில் சம்மணமிட்டுப் பீடி சுற்றும் பெண்களுக்கோ வீடே பட்டறை. எழுந்து நடக்கும் நேரமும் கூலியில் கழியும். அவர்களிடம் வெறுமனே "அடிக்கடி எழுந்து நடங்க" என்பது பாதி அறிவுரைதான்.

வெளியே போக முடியாத முதியவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், 104-க்கும் அழைக்கலாம்.

அறுவை சிகிச்சை என்றதும் அவசரப்படாதீர்கள். தேய்மானத்துக்காகத் துளை போட்டு மூட்டைக் கழுவும் சிகிச்சை, வெறும் கீறல் போட்டுத் தைத்ததை விடப் பெரிய பலன் தரவில்லை என்று 2002-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வே காட்டியது. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவது மட்டும் மூட்டு மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. பயிற்சியும் மருந்தும் போதாமல் ராத்தூக்கமும் அன்றாட நடமாட்டமும் கெட்டுப்போனவர்களுக்கு அது நல்ல சிகிச்சைதான். இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையிலேயே மூட்டை மாற்றிக்கொள்ள வழி உண்டு. தனியார் என்றால் பில்லைப் பாருங்கள். லட்சத்துக்கு மேல் விற்ற செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை வைத்தது; பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது ரூ.54,720, வரி தனி. மூட்டின் விலை, கம்பெனி பெயர், தொகுதி எண் மூன்றும் பில்லில் தனியாக இருக்க வேண்டும். கூடுதலாக வாங்கியிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.