ஏழே முக்கால் பஸ்!

"உங்க ஊர்ல எப்படிப்பா டைம் பாஸ் ஆகுது?" சென்னை ஃப்ரெண்ட்ஸ் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். கோவில்பட்டியைச் சுத்தி இருக்கிற கரிசல் கிராமத்துக்காரங்களுக்கு டைம் பாஸ் பிரச்னையே கிடையாது பாஸ். 'பஸ் டைம்'தான் பிரச்னை!

எங்க பூமி மானாவாரி. புரட்டாசியில உளுந்து, மக்காச்சோளம் விதைச்சுட்டு வானத்தைப் பார்ப்போம். மத்த எல்லாத்துக்கும் டவுனைத்தான் பார்க்கணும். மருந்து, ஜெராக்ஸ், டியூஷன், லைப்ரரி... சகலமும் அங்கேதான்.

டவுனும் லேசுப்பட்டது இல்லீங்க. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின கடலை மிட்டாய், தீப்பெட்டி, அப்புறம் ஹாக்கி! 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடின மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர்தான். ஆனா, சாயங்காலம் பிராக்டிஸ் சூடு பிடிக்கிறப்போ, கிராமத்துப் பசங்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடணும். விட்டா, பைக் வெச்சிருக்கிற அண்ணனுக்கு போன் போட்டுக் கெஞ்சணும்.

2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சந்தைக்கு மட்டுமே டவுனுக்குப் போன எங்க அம்மா, இப்போ தையல் கிளாஸ் போறாங்க. செம சந்தோஷம்! தங்கச்சிக்குக் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர ஆசை. கிளாஸ் முடியறது எட்டு மணி. கடைசி பஸ் ஏழே முக்கால். "பொம்பளப் புள்ள... வேணாம்"னு ஒரே வரியில முடிச்சுட்டார் அப்பா. டிக்கெட் ஃப்ரீ. ஆனா நேரம்?

மால் வேணாம், மல்டிபிளெக்ஸ் வேணாம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பஸ் விடுங்க. எத்தனை பேரோட படிப்பு அதுல ஏறி வருதுன்னு அப்புறம் பாருங்க!