ஆல்ப்ஸில் ஸ்கீயிங்: 600 கிலோமீட்டருக்குக் காசு கட்டாதீங்க!

ஆல்ப்ஸ் மலைக்கு ஸ்கீயிங் போகணும்னு ஆசைப்படுற பலரும் முதல்ல தேடுறது ஃப்ளைட் டிக்கெட் விலையைத்தான். டிக்கெட்டில் அஞ்சாயிரம் மிச்சம் பிடிச்சுட்டு, அங்கே போய் அம்பதாயிரம் கூடுதலா செலவு பண்றது இந்தப் பயணத்தில் ரொம்ப சுலபம். காரணம், பட்ஜெட்டைத் தீர்மானிப்பது மூணு விஷயம்: எந்த வாரம் போறீங்க, எந்த ஊரில் தங்குறீங்க, எந்த பாஸ் வாங்குறீங்க.

உதாரணத்துக்கு பிரான்ஸில் இருக்கும் 'த்ருவா வாலே' பகுதியை எடுத்துக்குவோம். மூன்று பள்ளத்தாக்குகள்னு அர்த்தம். கூர்ஷவெல், மெரிபெல், லே மெனுயிர், வால் தொரான்ஸ் எல்லாம் இதுக்குள்ள வரும். லிஃப்ட்களால் ஒண்ணோட ஒண்ணு இணைந்த சறுக்குப் பாதைகள் மட்டும் சுமார் 600 கிலோமீட்டர். மனக்கணக்குக்கு 1 யூரோ 100 ரூபாய்னு வச்சுக்கோங்க.

1. எந்த வாரம்?

பிரான்ஸில் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை மண்டல வாரியா பிரிஞ்சு, பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நாலு வாரம் ஓடும். அந்த நாட்களிலும், கிறிஸ்துமஸ் - புத்தாண்டு வாரத்திலும் ரூம் வாடகை உச்சத்தில் இருக்கும். புத்தாண்டுக் கூட்டம் கிளம்பினதும் ஜனவரியில் விலை இறங்கும். நமக்கு அது பொங்கல் லீவு! நாலு நாள் ஆபீஸ் லீவு போட்டாலே ஒரு வாரம் கிடைச்சிடும். குளிர் கடுமையா இருக்கும், ஆனா லிஃப்டில் வரிசை குறைவு.

இன்னொண்ணு: அங்கே அபார்ட்மென்ட் வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி வரை. ஃப்ளைட்டை முதல்ல புக் பண்ணிட்டா, ரெண்டு நாள் ஹோட்டல் செலவு சும்மா சேரும். தங்குமிடத்தைப் பார்த்துட்டு டிக்கெட் பக்கம் போங்க.

2. எந்த ஊர்?

கூர்ஷவெல் பணக்காரர்களின் ஊர். அங்கே ஒரு காபி விலையே நம்மை யோசிக்க வைக்கும். அதே சறுக்குப் பகுதியில் லே மெனுயிர் எவ்வளவோ மலிவு. இன்னும் சிக்கனம் வேணும்னா மலையடிவாரத்தில் பிரீத்-லே-பான். 1992 ஆல்பெர்வில் குளிர்கால ஒலிம்பிக்ஸில் வீரர்கள் தங்கின ஊர் அது. அங்கிருந்து கேபிள் காரில் மெரிபெல் போகலாம். ஆனா ஒரு வழிக்கே சுமார் 25 நிமிஷம். பனி நிச்சயம் வேணும்னா 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் வால் தொரான்ஸ். நாலு பேர் சேர்ந்து கிச்சன் உள்ள அபார்ட்மென்ட் எடுத்தா சாப்பாட்டுச் செலவும் பாதியாகும்.

3. எந்த பாஸ்?

பலரும் பணத்தைக் கோட்டை விடுறது இங்கதான். முழுப் பகுதிக்கான ஆறு நாள் பாஸ் சுமார் 400 யூரோ, அதாவது 40,000 ரூபாய். முதல்முறை ஸ்கீ மாட்டுறவங்க முதல் ரெண்டு மூணு நாளை ஒரே சின்னச் சரிவில் விழுந்து எழுந்தே கழிப்பாங்க. பல ரிசார்ட்களில் கத்துக்கிறவங்களுக்கான சில லிஃப்ட்கள் இலவசம். அந்த ஊருக்கு மட்டுமான பாஸும் இருக்கு. அதில் ஆரம்பிங்க; கால் பழகினதும் ஒரு நாளைக்கு மட்டும் முழுப் பகுதிக்கு நீட்டிக்கலாம். மிச்சமாகும் பணத்தை குரூப் கிளாஸுக்குக் கொடுங்க.

இன்ஷூரன்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். 'அதான் பாலிசி இருக்கே'ன்னு விட்டுடாதீங்க. சாதாரண டிராவல் பாலிசிகள் பலதில் குளிர்கால விளையாட்டு சேராது. பிரான்ஸில் சறுக்குப் பாதையில் கால் உடைஞ்சு, ஸ்லெட்ஜில் வச்சுக் கீழே இறக்கினா, அதுக்கும் பில் வரும். விண்டர் ஸ்போர்ட்ஸ் கவர் இருக்கான்னு பாலிசியில் தேடிப் படிங்க. இல்லைன்னா பாஸ் வாங்கும்போதே தினசரி சில யூரோவுக்குக் கிடைக்கும் காப்பீட்டைச் சேர்த்துக்கோங்க.

இன்னொரு குழப்பம்: இறங்குறது ஜெனீவாவில், அது சுவிட்சர்லாந்து. ஆனா அதிக இரவுகள் தங்குறது பிரான்ஸில். அதனால் விசா விண்ணப்பம் பிரான்ஸுக்குத்தான். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம்.

ஒருவருக்கான உத்தேச பட்ஜெட்

- ஃப்ளைட்: 70,000
- விசா, சர்வீஸ் கட்டணம்: 12,000
- ஏழு இரவு தங்கல் (நாலு பேர் பங்கு): 40,000
- பாஸ்: 30,000
- குரூப் கிளாஸ்: 25,000
- ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் வாடகை: 15,000
- சாப்பாடு: 25,000
- ஏர்போர்ட் பஸ்: 12,000
- கையுறை, கண்ணாடி, தெர்மல் உடைகள்: 12,000
- இன்ஷூரன்ஸ்: 5,000

மொத்தம் 2,46,000. கையிருப்பா பத்து சதவீதம் சேர்த்தா, ஏறக்குறைய 2,70,000 ரூபாய்.

மாசம் 15,000 வீதம் 18 மாசம் ஆர்டி போட்டா அசலே 2,70,000 வந்துடும். இவ்வளவு குறுகிய இலக்குக்கு ஈக்விட்டி ஃபண்ட் வேண்டாம். சந்தை இறங்கியிருக்கும்போது டிக்கெட் போட வேண்டி வரலாம். இதே தொகைக்கு 14% வட்டியில் ரெண்டு வருஷ பர்சனல் லோன் எடுத்தா, வட்டி மட்டும் சுமார் 41,000. அதாவது ஏழு இரவு தங்குற செலவை ரெண்டாவது முறை கட்டுறீங்க!

சிஏவா ரெண்டு டிப்ஸ்

ஏஜென்ட் வழியா வெளிநாட்டு பேக்கேஜ் எடுத்தா டிசிஎஸ் பிடிப்பாங்க. விகிதம் அடிக்கடி மாறும், புக் பண்ற அன்னைக்கு என்னன்னு கேட்டுக்கோங்க. அது செலவு இல்லை, உங்க கணக்கில் வரவான வரி. ஃபார்ம் 26ஏஎஸ்-ல் தெரியும். ரிட்டர்னில் கிளைம் பண்ணலாம். 2024 அக்டோபரிலிருந்து, ஆபீஸில் தெரிவிச்சு சம்பள டிடிஎஸ்ஸிலேயே கழிச்சுக்கவும் வழி இருக்கு. பேக்கேஜ் பில்லில் உங்க பான் நம்பர் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க.

அடுத்தது, கார்டு மெஷின் 'ரூபாயா, யூரோவா'ன்னு கேட்டா எப்பவும் யூரோவை அழுத்துங்க. ரூபாயைத் தேர்ந்தெடுத்தா மாற்று விகிதத்தை அந்தப் பக்கமே போட்டுக்குவாங்க. நம்ம பாக்கெட்டுக்கு அது நல்லதில்லை.

கடைசியா ஒண்ணு. ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இல்லையா? கிரெடிட் கார்டில் பாக்கி ஓடுதா? அப்போ இந்தப் பட்ஜெட்டை எடுத்து வச்சுட்டு, முதல்ல அதை முடிங்க. ஒரு சீசன் தள்ளிப்போனா நஷ்டம் எதுவும் இல்லை. கடன் இல்லாம போனா, திரும்பி வந்த மாசச் சம்பளமும் முழுசா உங்க கையில் இருக்கும்.