அடுப்புக்கு ஒரு நாள் லீவு!

பவுர்ணமி வந்தால் ரெயில் ஏறும் வடசென்னைப் பெண்கள்
காலையில் மேலூர், மதியம் திருவொற்றியூர், மாலையில் திருமுல்லைவாயல்... ராத்திரிக்கு பர்மா அத்தோ!

சென்னை,

"இன்னிக்கு நான் அடுப்பு பத்த வைக்கல. பழைய சோறு இருக்குது, ஊறுகாய் இருக்குது. வேணும்னா கடையில நாஷ்டா வாங்கித் துன்னுக்கோங்க!"

பவுர்ணமி அன்று விடியற்காலையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து வீடுகளில் இந்தக் குரல் கேட்கும். சொல்லிவிட்டு அந்த வீட்டு அம்மா வாசல்படி தாண்டி விடுவார்.

தலையில் மல்லிகைப்பூ. கையில் ஒரு பை. பைக்குள் தேங்காய், பழம், எலுமிச்சம்பழம், தண்ணீர் பாட்டில். பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டு அண்ணி, மாடிவீட்டு ஆயா என்று ஒரு கோஷ்டியே சேர்ந்துவிடும். நேராக ரெயில் நிலையம்.

"எங்கே போறீங்க?" என்று கேட்டால், "சாமி கும்பிட" என்பார்கள். அது உண்மைதான். அதோடு இன்னொரு உண்மையும் உண்டு. அன்று ஒரு நாள் அடுப்புக்கு லீவு!

ஒரே நாளில் 3 அம்மன்

மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடை அம்மன். திருவொற்றியூரில் வடிவுடை அம்மன். ஆவடிக்கு முன்னால் வடதிருமுல்லைவாயலில் கொடியிடை அம்மன். மூவரையும் இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று சொல்வார்கள்.

பவுர்ணமி அன்று காலையில் மேலூர், உச்சிவேளையில் திருவொற்றியூர், சாயங்காலம் திருமுல்லைவாயல் என்று 3 அம்மனையும் ஒரே நாளில் தரிசித்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. பவுர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கோவில் வாசலில் காலடி வைக்க இடம் இருக்காது.

பெரிய செலவு இல்லாத பயணம் இது. கும்மிடிப்பூண்டி மின்சார ரெயிலில் ஏறினால் மீஞ்சூர். அங்கிருந்து ஆட்டோவில் மேலூர். திரும்பி அதே ரெயிலில் திருவொற்றியூர். பிறகு சென்டிரல் பக்கம் வந்து ஆவடி ரெயிலில் ஏறினால் திருமுல்லைவாயல். 

2021-ம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரெயிலும் ஓட ஆரம்பித்தது. "பஸ்சுக்குக் காசு கொடு" என்று புருஷனிடம் கை நீட்டி நின்ற காலம் மலையேறியது. இது சின்ன விஷயம் இல்லை.

4 மணி 49 நிமிடம்

ஒரு நாள் லீவுக்கு ஏன் இவ்வளவு ஆசை? கணக்கைப் பார்த்தால் புரியும்.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. சமையல், பாத்திரம், துணி என்று சம்பளம் இல்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு சராசரியாக 289 நிமிடம். அதாவது 4 மணி 49 நிமிடம். அதே வேலையில் கை வைக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். 2019-ல் எடுத்த கணக்கில் இது 299-க்கு 97 ஆக இருந்தது.

5 வருஷத்தில் பெண்களுக்குக் குறைந்தது 10 நிமிடம். ஆண்களும் 9 நிமிடம் குறைத்துக் கொண்டார்கள்!

துறைமுகத்திலும் கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு வார லீவு உண்டு, பண்டிகை லீவு உண்டு. கடைக்காரர்கூட வாரத்தில் ஒரு நாள் ஷட்டரை இறக்குகிறார். அடுப்புக்கு மட்டும் வார லீவும் கிடையாது, வருஷ லீவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலை இரண்டு மடங்கு. காசிமேட்டில் இருந்து மீன் வந்து இறங்கும். ஆய வேண்டும், அலச வேண்டும், குழம்பு ஒரு பக்கம், வறுவல் ஒரு பக்கம். 

அதனால்தான் பவுர்ணமி. "ஓட்டலுக்குப் போகிறேன்" என்றால் வீட்டில் சண்டை வரும். "கோவிலுக்குப் போகிறேன்" என்றால் யார் தடுப்பது? மாமியாரும் வாயைத் திறக்க மாட்டார். பல வீடுகளில் மாமியாரே கூடக் கிளம்பிவிடுகிறார்!

பசியோடு வந்த பிள்ளை

திருவொற்றியூர் வடிவுடை அம்மனுக்கும் சோற்றுக்கும் ஒரு கதை உண்டு.

வள்ளலார் சின்ன வயதில் சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். திருவொற்றியூருக்கு நடந்தே வந்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். ஒரு நாள் திரும்ப நேரமாகிவிட்டது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தூங்குகிறவர்களை எழுப்ப மனம் இல்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அப்போது வடிவுடை அம்மனே அண்ணி உருவத்தில் வந்து சோறு போட்டார் என்பது கதை. பிறகு நிஜ அண்ணி வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்ததாம்.

அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில், 1867-ம் ஆண்டு மே 23-ந் தேதி, வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி என்று வந்தவர் எல்லாருக்கும் சோறு.

அதே வடிவுடை அம்மன் சன்னதிக்குத்தான், "இன்னிக்கு அடுப்பு மூட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வடசென்னைப் பெண்கள் வருகிறார்கள். கும்பிட்டு முடிந்ததும் மாட வீதிப் பக்கம் ஓட்டலில் ஒரு தோசை, ஒரு காபி. இல்லையென்றால் கோவில் அன்னதானம். இலையில் யாரோ ஒருவர் பரிமாற, உட்கார்ந்து சாப்பிடுவதே அவர்களுக்குப் பாதிப் பிரசாதம்!

ராத்திரிக்கு அத்தோ

3 கோவிலும் முடிந்து ரெயிலில் பீச் ஸ்டேஷன் வந்து இறங்கும்போது இருட்டியிருக்கும். வீட்டுக்குப் போனால் மறுபடியும் அடுப்பு. அதற்கு முன்னால் கடைசியாக ஒரு ஐட்டம் பாக்கி. அதுதான் அத்தோ.

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். அதன் பின்னால் செகண்ட் லைன் பீச் தெரு. பொழுது சாய்ந்தால் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். நூடுல்சை ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு எல்லாம் விட்டு, 'பேஜோ' என்ற மொறுமொறு வடையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைப் பிளந்து வெங்காயம் திணித்து மசாலா தூவிக் கொடுப்பது தனி. மொய்ங்காவும் கிடைக்கும்.

இந்த ருசிக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது. பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பல் ஏறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். 1969-ல் பர்மா பஜார் உருவானது. சொத்து எல்லாம் அங்கேயே போய்விட்டது. கையோடு வந்தது நாக்கின் ருசி ஒன்றுதான். அதுவே பலருக்குப் பிழைப்பு ஆயிற்று.

கோவிலுக்குப் போன பெண்களும், துறைமுகத்தில் வேலை முடிந்தவர்களும், பாரிமுனை குமாஸ்தாக்களும் ஒரே வண்டியைச் சுற்றி நின்று கிண்ணத்தை ஏந்துகிறார்கள். 'கையேந்தி பவன்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

முதல் ரெயிலும் உல்லாசப் பயணமும்

ரெயில் ஏறி ஒரு நாள் ஊர் சுற்றுவது இந்தப் பகுதிக்குப் புதிது இல்லை. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரெயில் புறப்பட்டதே ராயபுரத்தில் இருந்துதான். 1856-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். அன்று கவர்னரும் சுமார் 300 வெள்ளைக்காரர்களும் ஒரு ரெயிலில் போனார்கள். இன்னொரு ரெயில் திருவள்ளூர் வரை ஓடியது.

அதற்கு முன்பே கம்பெனிக் காலத்து துரைமார்கள் ஓய்வு எடுக்க வந்த இடம் எண்ணூர். முகத்துவாரத்தில் படகு விடுவார்கள், மீன் சாப்பிடுவார்கள்.

இன்றைக்கு அதே எண்ணூருக்கு யாரும் உல்லாசமாகப் போவதில்லை. அனல் மின் நிலையத்தின் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே 2 கப்பல்கள் மோதி, எண்ணெய் கரைவரை வந்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியது. இறாலையும் நண்டையும் நம்பியிருந்த மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எண்ணெய் அள்ள வேண்டியதாயிற்று.

கடற்கரையும் அப்படித்தான். 1870-களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். தெற்கில் இருந்து வரும் மணல் அதில் முட்டி நின்றது. மெரினாவில் மணல் குவிந்தது. மணல் வராத வடக்குப் பக்கம் கடல் அரித்தது. ராயபுரத்தில் இருந்து எண்ணூர் போகும் கடலோர ரோட்டில் இன்று இருப்பது பெரும்பாலும் கருங்கல் குவியல். வாசலில் கடல் இருந்தும் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட வடசென்னைக்காரர்கள் மெரினாவுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது!

பழவேற்காடு பாடம்

இன்னும் கொஞ்சம் தூரம் போக நினைப்பவர்கள் பொன்னேரியில் இறங்கி பழவேற்காட்டுக்கு பஸ் பிடிக்கிறார்கள். டச்சுக்காரர் கல்லறை, ஏரி, பறவைகள், நண்டு, இறால் என்று பார்க்கவும் சாப்பிடவும் நிறைய உண்டு.

ஆனால் 2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதியை மறந்துவிடக் கூடாது. கிறிஸ்துமஸ் நாளில் அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். ஒரு நாள் சந்தோஷமாக இருக்கலாம் என்று போன குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். 

எனவே யார் கூப்பிட்டாலும் அனுமதி இல்லாத படகில் காலை வைக்காதீர்கள். ஒரு மணி நேர உல்லாசத்துக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

ரோட்டிலேயே சமையல்

வீட்டில் இருக்கிறவர்கள் வெளியே சாப்பிட ஏங்குகிறார்கள். வெளியே இருக்கிறவர்கள் வீட்டுச் சோற்றுக்கு ஏங்குகிறார்கள்.

எண்ணூர் விரைவு சாலையில் நெரிசல் முற்றும் நாட்களில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் காத்து நிற்கும். சில சமயம் நாள்கணக்கும் ஆகும். டிரைவரும் கிளீனரும் லாரி ஓரத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள். வெங்காயம் நறுக்குவதும், ரசம் வைப்பதும், பாத்திரம் கழுவுவதும் ஆண்கள்தான்!

ரோட்டில் முடிகிறது. வீட்டில் மட்டும் ஏன் முடியவில்லை என்று அவரவர் வீட்டுக்காரம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது?

அவங்களுக்கு யார் லீவு தருவது?

இன்னொரு விஷயம். அடுப்புக்கு லீவு விட்ட ஒரு வீட்டுக்காக வேறு எங்கோ ஒரு அடுப்பு எரிகிறது. அதன் முன்னால் நிற்பதும் பெரும்பாலும் ஒரு பெண்தான்.

2013-ல் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மூட்டை தூக்குகிறவரும் ரிக்சாக்காரரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். அங்கே இட்லித்தட்டு வைத்தவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். தெருமுனையில் இட்லிக் கடை போடும் அக்காவும் அப்படித்தான். ஊர் தூங்கும்போது மாவு அரைத்து, ஊர் எழும்போது முதல் ஈடு இறக்குகிறார். பவுர்ணமி அன்று அவர் கடையில் கூட்டம் இன்னும் அதிகம். பழைய சோறு பிடிக்காத பிள்ளைகளும் புருஷன்மார்களும் தூக்குப் பாத்திரத்தோடு அங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

ராத்திரி கோஷ்டி வீடு திரும்புகிறது. காலையில் இருந்து போட்ட பாத்திரம் எல்லாம் தொட்டியில் அப்படியே கிடக்கிறது. பூவைக் கழற்றி வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகுகிறார் அந்த வீட்டு அம்மா.

அடுத்த பவுர்ணமிக்கு இன்னும் 29 நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டுக்காரர் அந்தத் தொட்டியில் கை வைத்தால், அம்மன் கண்டிப்பாகக் கோபித்துக்கொள்ள மாட்டாள்!