முள்ளக்காட்டுக் காற்றும் மூன்றிலொரு பங்கும்

முத்துக்குளிப்புக்குக் காற்று ஆகாது. வாடை ஓய்ந்து கச்சான் இன்னும் கிளம்பாத பங்குனி, சித்திரை நாட்களில், மன்னார் வளைகுடா குளத்து நீரைப்போல் அசைவற்றுக் கிடக்கும் சில வாரங்களைக் கணக்கிட்டுத்தான் தூத்துக்குடிக் கடற்கரையில் முன்னாளில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பைக் கூட்டினார்கள். காற்று எழுந்து அடிநீர் கலங்கிவிட்டால், கடலடிப் பாரில் படிந்து கிடக்கும் சிப்பியை மூச்சடக்கி மூழ்குகிறவன் எங்கே தேடுவான்? கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ஆம் ஆண்டில். அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1986-இல், அந்த நகரத்துக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டிய முள்ளக்காட்டில், எந்தக் காற்றைக் கண்டு முன்னோர் தோணியைக் கரையேற்றினார்களோ அதே காற்றை விளைபொருளாகக் கொள்ளும் யந்திரங்கள் நாட்டப்பட்டன. குஜராத்தின் ஓக்கா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி ஆகிய இடங்களோடு சேர்த்து, இந்தியாவில் மின்வலையோடு இணைக்கப்பட்ட முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று என்ற கீர்த்தி அந்தச் சிற்றூருக்கு உண்டு.

அங்கே நிறுவப்பட்டவை ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறனுள்ள சிறு யந்திரங்கள். இன்று நாட்டப்படுகிறவை 3 மெகாவாட்டையும் தாண்டுகின்றன. இந்த வளர்ச்சியின் ரகசியம் இரண்டு எளிய கணக்குகளில் அடங்கியிருக்கிறது. இறக்கையின் நீளம் இருமடங்கானால் அது சுழன்று வளைக்கும் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே சுமார் 15 மீட்டர் விட்டத்தில் சுழன்ற பழைய காத்தாடியைவிட, 150 மீட்டர் விட்டத்தில் சுழலும் புதியது நூறு மடங்கு காற்றை மறிக்கிறது. மற்றொரு கணக்கு இன்னும் ஆச்சரியமானது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி இரட்டிப்பதில்லை, எட்டு மடங்காகப் பெருகுகிறது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் சோம்பலாக வீசும் காற்றுக்கும் 8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம், ஒருவன் உழைப்புக்கும் எண்மர் உழைப்புக்கும் உள்ள வித்தியாசம். உயரே செல்லச் செல்ல வேகம் கூடுவதனால்தான் கோபுரங்களும் உயர்ந்துகொண்டே போகின்றன. ஆனால் வருகிற சக்தி முழுவதையும் பறித்துக்கொள்ள முடியாது. பறித்தால் காற்று இறக்கையின் பின்னே அசையாமல் நின்றுவிடும், அடுத்த காற்று வருவதற்கு வழி இராது. நூற்றுக்கு 59 பங்குக்குமேல் எந்த யந்திரத்தாலும் எடுக்க இயலாது என்று ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் முதல் உலகப் போரை அடுத்த காலத்திலேயே கணித்துவிட்டார்.

இவ்வளவு சாமர்த்தியமான யந்திரத்துக்கு ஒரு பெருங்குறை: அது காற்றின் மனம்போலத்தான் வேலை செய்யும். செங்கோட்டைக் கணவாயைப் பிளந்துகொண்டு தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை கயத்தாற்றுக் கரிசலின்மீது பாயும்போது, வாங்குவாரில்லாத அளவுக்கு மின்சாரம் குவிந்து, சில வேளைகளில் நன்றாக ஓடுகிற யந்திரங்களையே நிறுத்திவைக்க நேர்கிறது. மாசி, பங்குனியில் அதே இறக்கைகள் வெறுமனே நிற்கும். தமிழ்நாட்டில் இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறன் இருப்பதால் இது சிறிய தொல்லையன்று.

இதற்கு நம்மவர் கண்ட பழைய உபாயம் ஏட்டுக்கணக்கு. ஆலைக்காரர் ஆடியில் வலைக்குக் கொடுத்த யூனிட்டை வரவு வைத்துக்கொண்டு, ஒரு சிறு பங்கைக் கழித்தபின், காற்றில்லாத மாதத்தில் மின்வாரியம் திருப்பிக் கொடுக்கும். இதற்கு ‘பேங்கிங்’ என்றே பெயர். பெயர்தான் வங்கி, பெட்டியில் பணம் கிடையாது. ஆடியில் வந்த மின்சாரம் ஆடியிலேயே செலவாகிவிட, மாசியில் கொடுக்கவேண்டியதை வாரியம் வேறெங்கேனும் உற்பத்தி செய்தோ விலைக்கு வாங்கியோ கொடுத்தது.

மெய்யாகவே சேமிக்கும் பெட்டி இப்போதுதான் வருகிறது. கப்பலில் ஏற்றும் கன்டெய்னரைப் போன்ற இரும்புக் கூட்டுக்குள் ஆயிரக்கணக்கான லித்தியம் மின்கலங்களை அடுக்கி, மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் இரும்பு பாஸ்பேட் தகட்டிலிருந்து கரித்தகட்டுக்குப் போவதும், மின்சாரம் எடுக்கும்போது வந்தவழியே திரும்புவதுமாக வேலை நடக்கிறது. போக்குவரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்களவு வெப்பமாக வீணாகும். அந்த வெப்பத்தோடு தூத்துக்குடிச் சித்திரை வெயிலும் சேரும்போது, பெட்டிக்குள் குளிர்சாதனம் ஓயாமல் ஓடவேண்டும். உப்புக்காற்று புகாமல் அடைத்தும் வைக்கவேண்டும். இத்தகைய தொகுதிகளுக்காக மாநில மின்துறை ஒப்பந்தப்புள்ளிகள் கோரத் தொடங்கியிருக்கிறது. அவற்றில் மெகாவாட் என்று ஓர் எண்ணும் மெகாவாட்-மணி என்று மற்றோர் எண்ணும் இருப்பதைக் கண்டு மயங்கவேண்டாம். தூத்துக்குடியை அடுத்த கோரம்பள்ளம் குளத்தை அறிந்தவர்களுக்கு இது எளிது: முன்னது மடையின் அகலம், பின்னது குளத்தின் கொள்ளளவு. 250 மெகாவாட், 500 மெகாவாட்-மணி என்றால், மடையை முழுவதும் திறந்துவிட்டால் குளம் இரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும் என்று பொருள். ஆகவே பிற்பகலின் மிகுதியை விளக்கேற்றும் நேரத்துக்குக் கொண்டுசேர்க்க இந்தப் பெட்டி போதும். ஆடிக்காற்றைத் தை மாதத்துக்குக் கொண்டுபோக அது உதவாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

சேமிப்பு இருக்கட்டும், பங்கீடு? ஆங்கிலேயர் காலத்துச் சலாபங்களில் சர்க்கார் எவ்வளவோ கண்டிப்பாக இருந்தும், குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு முத்துக்குளித்தவர்களுக்கே உரியதாயிருந்தது; கரையிலேயே குவியல் பிரித்து வாங்கிக்கொண்டார்கள். காற்று விளையும் மானாவாரி நிலத்துக்காரர்களோ பெரும்பாலும் ஒருமுறை விற்று ஒருமுறை விலை பெற்றவர்கள். அதன்பின் இறக்கையின் நிழல் மட்டுமே அவர்கள் மீது விழுகிறது. 1990-ஐ ஒட்டி டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் பண்ணைகள் அமைந்தபோது யந்திரம் வந்தது. அந்நாட்டுக் குடியானவர்கள் கூடிப் பங்கு போட்டுக் காற்றாலை வாங்கும் கூட்டுறவு வழக்கம் கூடவரவில்லை. அந்நாடு 2008-இல் இயற்றிய சட்டமொன்று, புதிய பண்ணைகளின் பங்குகளில் ஐந்திலொன்றை அக்கம்பக்கத்தார் வாங்க வாய்ப்பளிக்கவேண்டுமென்று விதித்தது. நம் மாநிலத்தில் இதற்கு அருகில் வந்தது கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி. வங்கிக் கடனும் சொந்தச் சேமிப்புமாக ஒன்றரைக் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் திரட்டி, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, ஊரின் தேவைபோக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது.

2024-இல் தமிழ்நாடு அரசு, ஆயுள் முடிந்த காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதன்படி கயத்தாற்றுச் சீமையில் குட்டைக் கோபுரங்கள் பல கழற்றப்பட்டு, ஓரிரு நெடுங்கோபுரங்கள் அவற்றின் இடத்தில் எழும். பக்கத்திலேயே மின்கலப் பெட்டிகளுக்கும் இடம் ஒழியும். வழிப்பாதைக்கும் கம்பிக்கும் அடித்தளத்துக்கும் பத்திரங்கள் மறுபடி எழுதப்படும். 1986-க்குப் பிறகு முதன்முறையாக, பத்திரம் எழுதுகிறவர் எதிரே உட்கார்ந்து, எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்பதற்கு ஊராருக்குச் சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது.