ஒவ்வாமையின் அறிவியல் – 11: ஐஜிஇயை மறிக்கும் ஊசி

உணவு ஒவ்வாமை கொண்டவர்களுக்கு, தீங்கு செய்யும் உணவை அறவே தவிர்ப்பதும், தவறி உண்டுவிட்டால் அட்ரினலின் செலுத்துவதும் ஆகிய இரண்டு வழிகளையே மருத்துவம் நெடுங்காலம் பரிந்துரைத்து வந்தது என்பதும், இவ்விரண்டும் நோயின் மூலத்தைத் தொடுவதில்லை என்பதும் சென்ற பகுதியில் விளக்கப்பட்டன. அந்த மூலத்தையே இலக்காகக் கொண்ட மருந்துகள் பயன்பாட்டுக்கு வரத் தொடங்கியது அண்மையில்தான்.

மூலம் குருதியில் இருக்கிறது என்பதற்கான தெளிவான சான்று 1921இல் கிடைத்தது. அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில், மீன் ஒத்துக்கொள்ளாத ஹைன்ஸ் கூஸ்ட்னரின் குருதியிலிருந்து பிரித்த நீரைக் கார்ல் பிராஸ்னிட்ஸ் என்னும் மருத்துவர் தம் தோலினுள் செலுத்திக்கொண்டு, பின்னர் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியபோது, மீனால் எத்தீங்கும் அடையாத அவருடைய தோல் அவ்விடத்தில் மட்டும் தடித்துச் சிவந்தது. (இன்றைய ஆய்வுநெறிக் குழு எதுவும் இத்தகைய சோதனைக்கு எளிதில் ஒப்புதல் அளித்திருக்காது.) ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒவ்வாமையைக் கடத்திய அப்பொருள் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள், அதாவது அந்நியப் பொருளை அடையாளம் காண உடல் உருவாக்கும் புரதம், என்பதை ஆய்வாளர்களான இஷிசாகா இணையர் அமெரிக்காவின் டென்வர் நகரில் 1966இல் கண்டறிந்தனர். தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஐஜிஇ பற்றிக்கொண்டு நிற்கிறது. உரிய உணவுப்புரதம் வந்து அதில் ஒட்டியவுடன் அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிட, தடிப்பும் வாந்தியும் மூச்சுத்திணறலும், சிலவேளைகளில் குருதியழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் அனாஃபைலாக்சிஸ் நிலையும் ஏற்படுகின்றன.

2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த பால்ஃபோர்சியா, வேர்க்கடலைப் புரதத்தையே சிறுகச் சிறுகக் கூட்டி நாள்தோறும் உண்ணச் செய்து உடலைப் பழக்கும் முறையாகும். அது வேர்க்கடலை ஒன்றுக்கு மட்டுமே உதவுவதோடு, சிகிச்சையே ஒவ்வாமையைத் தூண்டிவிடவும் கூடும்.

ஓமாலிசுமாப் வேறு வகையானது. ஐஜிஇ எந்தப் பகுதியால் மாஸ்ட் செல்லைப் பற்றுமோ அந்தப் பகுதியிலேயே தான் பற்றிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும் இந்த எதிர்ப்பொருள் மருந்து, எந்த உணவு என்று பார்ப்பதில்லை. ஆதலால் பாலும் முட்டையும் முந்திரியும் ஒருசேர ஒத்துக்கொள்ளாதவருக்கும் ஒரே ஊசி பயன்படுகிறது. 2003 முதல் ஆஸ்துமாவுக்குப் பயன்பட்டு வந்த இதற்கு, 2024 பிப்ரவரியில், ஒரு வயது நிறைந்த குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை அனைவரின் உணவு ஒவ்வாமைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. உடல் எடையையும் குருதியிலுள்ள ஐஜிஇ அளவையும் பொறுத்து, இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தோலடியில் செலுத்தப்படுகிறது.

ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில், 100 மில்லிகிராம் வேர்க்கடலைப் புரதத்தையே தாங்காதவர்களுள் மருந்து பெற்ற 118 பேரில் 79 பேர், பதினாறு வாரங்களுக்குப் பின் 600 மில்லிகிராமை, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கடலையை, பெரிய தொல்லையின்றி உண்டனர். மருந்தற்ற போலி ஊசி பெற்ற 59 பேரில் நால்வருக்கே அது இயன்றது. முந்திரியில் பலன் 41 விழுக்காட்டினரோடு நின்றுவிட்டது. இரண்டரைக் கடலை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தற்செயலாக வாய்க்குள் போய்விடும் அளவு பெரும்பாலும் அதற்கும் குறைவு என்பதால், இம்மருந்தின் மதிப்பை அந்த அளவுகோலால் அளப்பதே முறை. இதை நோய் தீர்க்கும் மருந்து என்று கொண்டாடுவது பிழை. ஊசியை நிறுத்தினால் புதிதாக உருவாகும் ஐஜிஇ மீண்டும் மாஸ்ட் செல்களைச் சென்றடையும். மருந்து பெற்றவர்களுள் 17 விழுக்காட்டினருக்கு வேர்க்கடலையைத் தாங்கும் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றமே ஏற்படவில்லை. அரிதாக இந்த ஊசியே அனாஃபைலாக்சிஸை உண்டாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் மருந்துக் குறிப்பில் கட்டமிட்டு அச்சிடப்பட்டுள்ளது.

அவசர நிலையில் ஓமாலிசுமாப் உதவாது. அதற்கு உரியது இன்றும் அட்ரினலினே. ஊசிக்கு அஞ்சித் தாமதிப்போரைக் கருதி, மூக்கில் தெளிக்கும் வடிவில் நெஃபி என்னும் பெயரில் அதற்கு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஓமாலிசுமாப் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்பவரும் ஒவ்வாத உணவைத் தொடர்ந்து தவிர்த்தே ஆக வேண்டும் என்பது அம்மருந்துக்கு அளிக்கப்பட்ட ஒப்புதலிலேயே விதிக்கப்பட்டுள்ள நிபந்தனையாகும்.

(தொடரும்)